முப்பதும் ஐம்பதும்

மத்திய வீதியில் எங்கள் கடைக்கு நேரெதிரே
அஜ்வத்தின் கடை.
நடுவே பதினெட்டு அடித் தார்,
நகரசபைத் தொட்டியில் தலைவிட்டு மேயும்
கொம்பு முறிந்த ஒரு மான்.

எங்கள் முதலாளி புவிகரன் எச்.டி. டிவிடிப் பக்கம்.
ஸ்காபரோ மச்சான் கப்பலில் அனுப்பிய டொஷிபா
நூற்றுப்பத்து வோல்ட்டுக்குப் பிறந்தது,
ட்ரான்ஸ்ஃபோமர் உறுமாமல் கண் விழிக்காது.
கூடவே பதினொரு இறுவட்டு, சிவப்புப் பெட்டியில்.

அஜ்வத் புளூ-ரே.
கட்டாரில் நின்ற தம்பி கொண்டுவந்தது.
நீலப் பெட்டி. ஒன்பது.

கணக்குக் கொப்பி என் பொறுப்பு, ஆகவே சொல்கிறேன்:
அந்த இருபதில் ஒன்றையேனும்
வாடகைக்குக் கேட்டவர் எவருமில்லை.
எங்களுக்குச் சோறு போட்டது விசிடி,
தியேட்டரில் யாரோ தும்மியதும் சேர்ந்து பதிவான படங்கள்.
பிறகு, சாமத்தியவீட்டுக் கொப்பிகள்.

ஆனாலும் சண்டை.
கரண்ட் நின்றதும் பிளாஸ்டிக் கதிரை வாசலுக்கு வரும்.
"முப்பது ஜிபி காணாதாடா உனக்கு?"
"ஐம்பது இருக்க முப்பது ஏன் மச்சான்?"
"விலையைப் பார்!"
"கீறல் விழாத பூச்சைப் பார்!"

ரெண்டு டீவியும் இருபத்தொரு அங்குலம்,
பின்பக்கம் நிறைமாசம்.
மஞ்சள் வயரில் வந்து சேர்ந்த படங்களில்
என் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.
சொல்லவில்லை.

அந்த வருஷங்களில் இந்த ஊரில்
நீ எந்தப் பக்கம் என்று எவரும் கேட்டால்
நிலத்தைப் பார்த்தபடி அடையாள அட்டையை நீட்டுவோம்.
மூதூர்ப் பக்கம் அதிர்ந்தால் இடி என்போம்,
முகில் ஒன்றும் இல்லாத ஆடியிலும்.
வாய்விட்டுக் கத்த வாய்த்த பக்கம்
இது ஒன்றுதான்.

இரண்டாயிரத்து எட்டு, மாசி.
டொஷிபா கைவிட்ட செய்தி
பேப்பரின் உட்பக்கத்தில் ஐந்து வரி.
அன்றைக்கு அஜ்வத் கத்தவில்லை,
வட்டிலப்பம் அனுப்பியிருந்தார்.
முதலாளி தொடவில்லை.
நான் சாப்பிட்டேன்.

அடுத்த கிழமை, பதினொன்றையும் பையில் போட்டுக்
கொழும்பில் தள்ளிவிடப் புறப்பட்டவரைச்
சீனன்குடாச் சாவடியில் இறக்கினார்கள்.
இளம் அதிகாரி ஒன்றை எடுத்துக்
கம்பியூட்டரில் போட்டான்.
சுற்றியது. திறக்கவில்லை.
இன்னொன்று. அதுவும்.
வெறும் தட்டென்றால் விட்டிருப்பான்.
உள்ளே ஏதோ இருக்கிறது,
காட்டமாட்டேன் என்கிறது என்றால்
அது வேறு கதை.

போன் வந்ததும் வீதியைக் கடந்தேன்,
ஆறு வருஷத்தில் முதல் தடவை.
அஜ்வத் பாதி ஷட்டரை அப்படியே விட்டு
அந்தப் பேப்பரைத் தேடி எடுத்து ஓட்டோவில் ஏறினார்.

பிரீமா ஆலையின் மா வாசனை.
அஜ்வத் சிங்களத்தில் சொன்னார்:
"மாத்தயா, உள்ளுக்குப் படம்தான்.
இந்தப் பக்கம் தோற்றுப்போச்சு.
இனி இதை வாசிக்க ஒருத்தனும் மெஷின் செய்யமாட்டான்."

அதிகாரி பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
தமிழ் எழுத்து.
பிறகு புவிகரனிடம்:
"உண்மையா? தோற்றதா?"

மூன்று மணித்தியாலம் வெயிலில் நின்ற மனுஷன்
உடனே பதில் சொல்லவில்லை.
குடாவைப் பார்த்தார்.
அஜ்வத்தைப் பார்த்தார்.
அஜ்வத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் சேர்."

திரும்பும்போது நடுவில் நான்,
மடியில் பை.
நெடுநேரம் ஓட்டோவின் சத்தம் மட்டும்.
மணிக்கூட்டுக் கோபுரம் தெரிந்ததும்
புவிகரன் வெளியே பார்த்தபடி சொன்னார்:
"ஆனா விலை குறைவு."
"கீறல் விழும்," என்றார் அஜ்வத்.

கொப்பியில் பதிய எண்ணினேன். பத்து.
ஒன்றை அந்தப் பெடியன் வைத்துக்கொண்டான்.
எங்கள் கடையை விட்டால்
அதைத் திறக்கிற பெட்டி இந்த ஊரில் இல்லை.
இரண்டு மூன்று மாதம்
ட்ரான்ஸ்ஃபோமரைக் கழற்றாமல் வைத்திருந்தேன்.