கதவு மட்டும் திறக்கும்

ஜே.சி. ரோட்டிலிருந்து நயாஸ் பாஷா வந்தபோது
தூறல் விட்டிருந்தது.
ஸ்கூட்டரின் காலடியில் இரும்புப் பெட்டி,
முதுகில் லேப்டாப்.
ஆர்.சி. புத்தகத்தில் என் பெயரைப் பார்த்தார்,
ஆதாரில் முகத்தை,
பிறகு என்னை.
நான்தான் நான் என்று
அவர் நம்ப இரண்டு நிமிடம் ஆனது.

குணசீலனோடு பேசி அன்றைக்குப் பதினோராம் நாள்.
"நீங்கதான் தொலைச்சீங்க" என்பதைத் தாண்டி
எங்களுக்குள் எந்த வாக்கியமும் நீளவில்லை.
மிச்சமிருந்த சாவியை
அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து
பாஷாவிடம் கொடுத்தார், என் கையில் அல்ல.

வாட்ச்மேன் தில் பகதூரின் மொபைல் சார்ஜரைப் பிடுங்கி
அதே பிளக்கில் மெஷின் அலறியது.
உலோகத் தூள்
பாஷாவின் முழங்காலில் மாவு போல.

"எல்லாச் சாவியும் கொண்டு வாங்க அக்கா.
இப்போ எதிர்ல இல்லாததை
வண்டி மறந்துடும்."
"மறக்கட்டும்" என்றேன்
வண்டியைப் பார்க்காமல்.

ஸ்டியரிங்குக்குக் கீழே வயரைச் செருகி
பத்து நிமிடம் எதையும் தொடக்கூடாது என்றார்.
பேஸ்மென்ட்டில் நாங்கள் மூவர்
தூணில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.
டேஷ்போர்டில் சின்னச் சிவப்பு விளக்கு
சிமிட்டிச் சிமிட்டி
அணைந்தது.
மூவாயிரத்து எண்ணூறு கேட்டார்.
மூவாயிரத்து இருநூறு கொடுத்தோம்.

இருபது நாள் கழித்து
வளைகாப்புக்கு எடுத்துப்போன கைப்பையின்
கிழிந்த உள்துணிக்குள் விரல் போனது.
பழைய சாவி.
அதன் வளையத்தில் இன்னும்
பெட்ரோல் பங்கில் கொடுத்த பிளாஸ்டிக் மீன்.

குப்பை போடுவதாகச் சொல்லிக் கீழே இறங்கினேன்.
கதவு திறந்தது,
ஒரு கேள்வி கேட்காமல்.
அவர் காலுக்குத் தள்ளிப்போட்ட சீட்,
என் கால் பெடலுக்கு எட்டவில்லை.
திருகினேன்.
ஒரு இருமல், பிறகு ஒன்றுமில்லை.
மறுபடி.
சிவப்பு விளக்கு
யாரு, யாரு என்று.

கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.
உட்கார அனுமதி உண்டு,
போகத்தான் முடியாது.
மொபைல் அடித்தது:
"குப்பை போட இவ்ளோ நேரமா?"

லிஃப்டில் மீனைக் கைக்குள் மூடிக்கொண்டு
"நீங்க இல்ல" என்று சொல்லிப் பார்த்தேன்.
இரண்டே சொல்.
இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக.
மூன்றாம் மாடியில்
யாரோ நாயோடு ஏறினார்கள்.