ரயில் ஓடாத மூன்று மணி நேரம்

நவம்பர் விடுமுறையின் முதல் திங்கட்கிழமை
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன்:
எட்டு முதல் பத்து கணிதம்,
பத்தரைக்கு அறிவியல்,
பிறகு ஆங்கிலம், பிறகு தமிழ்.
ஆறு வாரத்துக்கும் கட்டம் கட்டி,
ஸ்கேல் வைத்து.
துர்கேஷ் பல் துலக்கிக்கொண்டே படித்தான்.
நுரை வழிய ஒரே கேள்வி:
"சாப்பாடு எந்தக் கட்டத்துலப்பா?"

கலைவாணி சிரிப்பை விழுங்கிக்கொண்டு
வேலைக்குக் கிளம்பினாள்.
இரவு வேலை முடித்து வந்த நான்
சிரிக்கும் நிலையில் இல்லை.
எட்டாம் மாடி இயோ வீட்டுப் பையன்
அடுத்த ஆண்டுப் பாடத்தில் பாதியை முடித்துவிட்டானாம்.
மின்தூக்கியில் அவன் அம்மா சொல்லிவிட்டு இறங்கினார்.
எங்கள் பன்னிரண்டாம் மாடி வருவதற்குள்
எனக்கு வியர்த்துவிட்டது.

மூன்றாம் நாளே அட்டவணை
ஓரம் சுருண்டது.
நான்காம் நாள் அவன் கதவைச் சாத்திக்கொண்டான்.
தட்டினேன்.
தட்டியது கொஞ்சம் பலம்தான்.

அன்றிரவு கடைசி ரயில் போன பின்
புக்கிட் கோம்பாக் தாண்டி
மேம்பாலத் தண்டவாளத்தில் நடந்தோம்,
நானும் ஷாருலும்.
மின்சாரம் துண்டித்தாயிற்று என்று
உறுதி வந்த பிறகே கால் வைக்கலாம்.
ஒன்றரையிலிருந்து நாலரை.
எங்களுக்கு வாய்ப்பது அவ்வளவே.
அந்த நேரத்தில் யாரும்
புதுப் பாதை போடுவதில்லை.
பகலில் ஓட்டுநர் எழுதி வைத்திருப்பார்:
இன்ன தூணருகே ஒரு சத்தம்.
அங்கே போவோம், குனிவோம், விளக்கடிப்போம்,
தளர்ந்த போல்ட்டை முறுக்குவோம்.
சில இரவு அது ஒன்று மட்டும்தான்.
முறுக்கிக்கொண்டிருந்தபோதே
அவன் அறைக் கதவு ஞாபகம் வந்தது.

மறுநாள் அட்டவணையைப் பிய்த்தேன்.
காந்தம் இரண்டும் விழுந்து
ஃப்ரிட்ஜுக்கு அடியில் ஓடிவிட்டன.
இந்த முறை விரல்நுனியால் தட்டினேன்.
"இந்த வருஷத்துக் கணக்குத் தாளெல்லாம் எடுத்துட்டு வா."
"திட்டவா?"
"எங்க சத்தம் வருதுன்னு பார்க்க."

இயற்கணிதம் எனக்கு வராது.
தரையில் பரப்பி வைத்து
சிவப்பு மையை மட்டும் பார்த்தேன்.
வெளியே மழை.
வெகுநேரம் கழித்து அவனே விரல் வைத்தான்:
அடைப்புக்குறிக்கு முன் கழித்தல் நின்றால்
உள்ளே எல்லாக் குறியும் மாறணுமாம்.
முதலாவதை மாற்றிவிட்டு
இரண்டாவதை மறந்துவிடுகிறான்.
நாலு தாள், பதினேழு இடம்.
"ஒரே போல்ட்டுதான்பா" என்றான்.
என் தொழில் வார்த்தையை அவன் சொல்லி
அன்றுதான் முதலில் கேட்டேன்.

அதன் பிறகு காலையில் ஒரு மணி நேரம்.
சில நாள் இருபது நிமிடம்.
மீதிப் பொழுது
'பந்து விளையாடக் கூடாது' பலகைக்கு நேர் கீழே
பந்து விளையாடினான்.
நூலகம் போனதாகச் சொன்னதில்
பாதி நாள் உண்மை.
மதியம் வரை தூங்கினான்,
தூக்கத்திலேயே இரண்டு அங்குலம் வளர்ந்தான்.
நானும் திருந்திவிடவில்லை;
இரண்டு முறை கத்தினேன்.
அறிவியல் புத்தகம்
வாங்கி வந்த பையை விட்டு வெளியே வரவே இல்லை.

வேலை முடிந்த விடியலில்
நானும் ஷாருலும் கீழே சாலையோரம் நிற்போம்,
ஆளுக்கொரு கோப்பி-ஓ பொட்டலத்தோடு.
முதல் ரயில் அந்த இடத்தைக் கடக்கும்.
ஒன்றும் கேட்காது.
ஷாருல் தலையை ஆட்டிவிட்டு உறிஞ்சத் தொடங்குவான்.
எங்களுக்கு வேறு பாராட்டு கிடையாது.

ஜனவரி இரண்டாம் வாரம்
பையை சோஃபாவில் எறிந்தான், காலுறையோடு.
"கணக்கு எப்படி?"
"ஓகே லா" என்றபடி ஃப்ரிட்ஜைத் திறந்தான்.
அந்த 'லா'வைக் காது கொடுத்துக் கேட்டேன்.
சத்தம் எதுவும் இல்லை.

அறிவியல் பற்றி
நான் இன்னும் கேட்கவில்லை.
மார்ச்சில் ஒரு வாரம் விடுமுறை வருகிறது.