ஐம்பது மைக்ரான்

மூன்று கம்பெனிக்காரர்கள் மாதிரி அனுப்பியிருக்கிறார்கள்.
மேசைமேல் மூன்று மஞ்சள் பை.
மூன்றிலும் அச்சடித்திருக்கிறது
ஐம்பது மைக்ரான் என்று.
அச்சுக்குக் கனம் கிடையாது.

கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து
உரசிப் பார்க்கிறேன்,
புடவைக்கடையில் பார்ப்பதுபோல.
முதல் பை சரசரக்கிறது.
சரசரக்கிற பை சீக்கிரம் கிழியும்;
இது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.
இரண்டாவதன் சாயம் விரலில் ஒட்டுகிறது.
மூன்றாவது வழவழவென்று
பேசாமல் கிடக்கிறது.
கிலோவுக்கு நாற்பது ரூபாய் கூட.

சிவப்பைப் பற்றி எனக்குக் கவலையில்லை.
ட்யூபும் கையுறையும் தாமாக ஒழுகாது.
ஊசிக்கு வெள்ளை டப்பா இருக்கிறது.
மஞ்சள்தான்.
மஞ்சளுக்குள் போவது
சற்றுமுன்வரை ஒருவருடையதாக இருந்தது.

தங்கச்சிமடம் ஆஸ்பத்திரியின் பின்பக்கம்
ஓர் உடைமரம்.
முள் இல்லாத கிளையாகப் பார்த்து
ஒவ்வொரு பையிலும் பத்து லிட்டர் கடல்தண்ணீர் ஊற்றிக்
கட்டித் தொங்கவிட்டேன்.
ஜெனோவா துடைப்பத்தை ஊன்றி நின்று சிரித்தாள்.
"எறா கட்டுற பையக்கூட
இம்புட்டுப் பாக்க மாட்டாக அக்கா."

எறாவைக் கேட்டு ஏலக்காரன் வருவான், ஜெனோவா.
இதைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள்.

அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன்,
போன கார்த்திகைவரை.

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய வாரம்.
பாலத்தில் வண்டி விடவில்லை.
நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் வரவேண்டிய லாரி
நான்காம் நாளும் மண்டபத்தில் நின்றது.
கொட்டகையில் பதினேழு பை.
மூன்று பிரசவம்,
ஒரு சீழ்க்கட்டியின் பஞ்செல்லாம்,
விஞ்சுக் கயிறு நசுக்கிய
ரெமிஜியுசின் மோதிரவிரல்.
பழைய ஒப்பந்தத்துப் பை.
அடி ஒட்டு விட்டுப்போய்
சிமெண்டுத் தரையில் ஒரு கோடு இறங்கி
வாசலைத் தேடிப் போனது.
மழை எதிரே வந்துகொண்டிருந்தது.

ஜெனோவா பிளீச்சிங் பவுடரைக் கொட்டினாள்.
ஒழுகிய பைக்கு மேல் இன்னொரு பை.
அதற்கு மேல் இன்னொன்று.
மண்டியிட்டபடியே கேட்டாள்,
"யாரோடது அக்கா இது?"
சீட்டு நனைந்திருந்தது.
தேதி, வார்டு, வகை
எல்லாம் ஒரே நீலம்.

தையல் பிரிக்க வந்த அன்று
ரெமிஜியுஸ் ஸ்டோர் ஜன்னலில் நின்றான்.
"வெரல் எங்க போச்சு?"
அக்கரைக்கு, எரிக்கிற இடத்துக்கு, என்றேன்.
"எதுல வச்சு?"
மஞ்சள் பையில்.
கொஞ்சநேரம் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"நுனி கடல்ல விழுந்துருச்சு.
மிச்சமாச்சும் ஒரே எடத்துல போச்சா?
ஒழுகலையே?"

பதிவேட்டைப் புரட்டினேன்.
அதில் அப்படி ஒரு கட்டமே இல்லை.
இல்லை என்றேன்.
நம்பினான். நம்பிப்
பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டான்.

இன்று விடிந்ததும் மரத்தடிக்குப் போனேன்.
இரவெல்லாம் கச்சான் அடித்த மணலில்
முதல் பைக்குக் கீழே ஈரப் பள்ளம்.
பை, காற்று போன மீன்பலூன்போல.
இரண்டாவது
சொட்டிக்கொண்டே இருந்தது,
ஒன்று, பிறகு நெடுநேரம் கழித்து ஒன்று.
மூன்றாவதற்குள் வெயில் புகுந்து
தண்ணீர் முழுக்க மஞ்சளாக நின்றது.
அடியில் தடவிப் பார்த்தேன்.
உள்ளங்கையில் எதுவுமில்லை.

குறைந்த விலையை விட்டது ஏன் என்று
தணிக்கைக்காரர் கேட்பார்.
படிவத்தில் 'காரணம்' என்ற இடம்
ஒரு சொல்லுக்குத்தான் காணும்.
'ஒழுகவில்லை' என்று எழுதினேன்.
மை காயும்வரை ஊதினேன்.

வெளியே ஜெனோவா
மூன்றாம் பையை அவிழ்க்கப் பார்க்கிறாள்.
பல்லாலும் இழுத்துப் பார்த்தாயிற்று.
ஜன்னல் வழியே கையை நீட்டுகிறாள்,
கத்தரிக்கோல் கேட்டு.