கட்டாக்காலிக் குடியரசு

மல்லாவியில், யதுர்சனின் ரீலோட் கடைக்குப் பின்னால்
எங்கள் நாடு. நீளம் பதினொரு அடி.
நான் வெளிவிவகாரம்; நிதியும் மீன்பிடியும் அவன்.
பிரஜைகள் நாலு பேர்,
நாலாவது ஆளை நேரில் கண்டதில்லை.

போன கிழமைப் படத்தில்
பின்லாந்திலிருக்கும் பக்கத்து நாட்டு மன்னர்
பல்லுக்கம்பி மினுங்கப் போர் அறிவித்தார்.
எங்கள் தளபதி மாடு
பிரகடனத்தைத் தின்றுவிட்டது.
நூற்றிமுப்பது சிரிப்பு விழுந்தது.

இந்தக் கிழமைக்கு
சீ.ஆர். கொப்பியில் எல்லை கீறினேன்:
முள்ளுக்கம்பி, காவலரண், மண்மூட்டை.
கை யோசிக்கவேயில்லை.
மன்னருக்கு அனுப்பினேன்.
"தத்ரூபம்! எதைப் பார்த்துக் கீறினாய்?"

யதுர்சன் சிரிக்கவில்லை.
அழிறப்பரால் மண்மூட்டையைத் தேய்த்து
அந்த இடத்தில் இன்னொரு மாடு கீறினான்.
அவசரத்தில் அதற்கு
மூன்று கால்தான் வந்தது.
அப்படியே போட்டோம்.