எட்டரை முதல் ஐந்து வரை

சனிக்கிழமை காலை எட்டரைக்கு விடுவார்கள்.
ஐந்துக்குள் திரும்பிவிட வேண்டும்.
ஐந்தடித்து ஒரு நிமிடம் போனாலும்
அடுத்த விடுப்பு கிடையாது.

தெலெரி சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து
நாலு மூலைக்கும் நாலு உருளைக்கிழங்கு வைத்தாள்.
போக ஒன்றேகால் மணி.
வர ஒன்றரை; அந்நேரம்
பால்மாடுகள் சாலையைக் கடக்கும்.
மிச்சம் ஐந்தே முக்கால்.
நாலு வருஷத்துக் கதை, ஐந்தே முக்கால் மணி, என்றேன்.
சாப்பாட்டுக்கு அரை மணி கழி, என்றாள்.

கடற்கரைக்குத்தான் போவதாக இருந்தோம்.
எமிர்தான் தொலைபேசியில் சொன்னான், கோட்டைக்கு என்று.
எந்தக் கோட்டை?
அந்த இடிஞ்சது. கூரை இல்லாதது.
ஏண்டா, என்பதற்குள் இணைப்பு அறுந்தது.
உள்ளே இருப்பவர்களின் நிமிடங்கள்
காசு போட்டு வாங்கியவை.

மதிலுக்குள்ளிருந்து வருகிறவனை
இன்னொரு மதிலுக்குள் கூட்டிப்போக
இரண்டு இரவு எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.
மூன்றாம் இரவு தெலெரிக்கு நினைவு வந்தது:
அங்கே ஒரு வாசலுக்கும் கதவில்லை.
ஜெயித்தவர்களே வெடிவைத்துப் பிளந்துபோட்டது,
இனி எவனும் உள்ளே புகுந்து
தாழ் போட்டுக்கொள்ளக் கூடாதென்று.
ஞாயிலெல்லாம் பல்லுதிர்ந்த மேற்குச் சுவரில்
வேல்ஸ் மலையாடுகள் காற்றுக்கு ஒதுங்கும்.

தேநீர் பிளாஸ்க் இரண்டு. பீர் கூடாது, விதி.
எமிருக்கு மழைக்கோட்டு.
அவன் பூட்ஸ் பரணில் கிடைத்தது, ஒன்றுக்குக் கயிறில்லை.
திராட்சை ரொட்டி, தடித்த துண்டாக,
உப்பு வெண்ணெயோடு.
கார் நிறுத்த ஐந்து பவுண்டு, நாணயமாக;
அந்த இயந்திரம் தாளைத் தின்னாது, மீதியைத் துப்பாது.
பழுப்புப் பலகை வந்ததும் இடப்பக்கம்,
வெல்ஷ் மேலே, ஆங்கிலம் கீழே,
இரண்டையும் முள்செடி மூடியிருக்கும்.
சுழற்படி நூற்றுப் பதினொன்று.
தெலெரியின் முழங்கால் கீழேயே நிற்கும்.
நுழைவுச்சீட்டு மூன்று.
ஏழு வயதாக இன்னும் பதினோரு நாள் இருப்பதால்
மாப்லிக்கு இலவசம்.

மாப்லி தன் பங்குக்குப் பட்டியலின் அடியில்
பச்சை மெழுகுக்குச்சியால் எழுதினாள்:
அப்பாவுக்கு நிலவறை காட்டணும்.

தெலெரி அதை அடித்தாள்.
கோபுரம் பார்க்கலாம் கண்ணு, கிணறு பார்க்கலாம்,
உச்சியிலிருந்து கழிமுகம் மொத்தமும் தெரியும்.
குழந்தை ஒன்றும் சொல்லவில்லை.
பல் தேய்க்கப் போகிற வழியில்
அடித்த கோட்டின் மேலேயே
இன்னும் பெரிய எழுத்தில் எழுதிவிட்டுப் போனாள்.

எங்களுக்குத்தான் உறைக்கவில்லை.
அப்பா என்றால் அவளுக்கு
தரையோடு முடுக்கிய ஒரு மேசையின் அந்தப் பக்கம்.
நிலவறை என்றால்
பள்ளிக்கூடத்தோடு போனபோது
கத்திய தன் பெயர்
இரண்டு முறை திரும்பி வந்த இடம்.

வெள்ளிக்கிழமை வானிலை:
பத்து முதல் நாலு வரை மழை, இடையில் ஆலங்கட்டி.
எமிர் அழைத்தான்.
தேதி மாற்றக் கேட்டு எழுதிப் பார்க்கட்டுமா, என்றேன்.
வேண்டாம். பெய்யட்டும்.
முற்றத்தில் நடக்கிற நேரம் தூறினால் போதும்,
எல்லாரையும் உள்ளே அனுப்பிடறாங்க.
நாலு வருஷமா கண்ணாடி வழியாத்தான் மழை.
கூரை இல்லாததுன்னு சொன்னேனே.

நான் பேச்சின்றி நிற்க
மாப்லி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.
அப்பா, உனக்கு எதிரொலி பிடிக்குமா?

அந்தப் பக்கம் மூச்சு கேட்டது,
பிறகு அதுவும் இல்லை. நிமிடம் தீர்ந்திருந்தது.
நாளைக்குச் சொல்லுவார், என்று
அவளே வைத்துவிட்டாள்.

மழைக்கோட்டை அடித்தேன்.
கொஞ்சம் யோசித்து
துவாலை இரண்டு, என்று எழுதினேன்.
தெலெரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
பச்சை எழுத்துக்குப் பக்கத்தில் குறித்தாள்:
பன்னிரண்டு மணி. கால் மணி நேரம்.
பிறகு காலை அடித்து, அரை.

உருளைக்கிழங்குகளை எடுத்துக் கூடையில் போட்டேன்.
வரைபடம் தானாகச் சுருண்டுகொண்டது.