ஏழாம் படி

புலாவ் திக்குஸில் பல் கிளினிக்குக்கு மேல்மாடி.
பதினெட்டுப் படி. ஏறி முடிப்பதற்குள்
என் மூச்சு எனக்கு முன்னால் போய்க் கதவைத் தட்டியது.
மிஸ்டர் தியோ திறந்தார்.
தொண்ணூற்று நான்கு கிலோ என்று எழுதிக்கொண்டார்,
ஏன் என்று கேட்கவில்லை.
ஒரு தடவைக்கு நூற்றைம்பது வெள்ளி.
அதற்குள் கேட்க மாட்டார்போல.

சாய்வு நாற்காலி. கண்ணை மூடச் சொன்னார்.
மனசுக்குள் ஒரு படிக்கட்டு,
பத்திலிருந்து ஒவ்வொன்றாக இறங்குவோம் என்று
ஆங்கிலத்தில் எண்ணினார்.
ஆங்கிலத்தில் எண்ணுவது எனக்கு வேலை.
பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட்,
ட்ரேக்கு இத்தனை, பழுது இத்தனை.
எண்ணிக்கை கேட்டதும் முதுகு நிமிர்ந்துவிட்டது.
அடுத்த வாரம் மலாயில் எண்ணிப் பார்த்தார்.
மீன் சந்தையில் மிச்சம் வாங்குவதுபோல் கை நீண்டது.

மூன்றாம் வாரம் ஒரு துண்டுத் தாளில்
எங்கள் எண்களை
ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

பத்து.
ஒம்போது. (அதில் அவருக்கு ஏதோ ருசி, இழுத்தார்.)
எட்டு.
ஏலு.

சிரித்துவிட்டேன்.
இறங்கிய படியெல்லாம்
ஒரே தாவலில் மேலே வந்துவிட்டது.
நாக்கை மடித்துக் காட்டினேன். அவரும் மடித்தார்.
கீழே ஒருவருக்குப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்,
மேலே நாங்கள் இருவரும் வாயைத் திறந்தபடி.

வீட்டுக்கு ஒரு பயிற்சி:
ஒரே ஒரு கிஸ்மிஸ், ஐந்து நிமிடம்.
பார். முகர். காதருகே வைத்து நசுக்கு.
நாக்கில் வை, கடிக்காதே.
கடித்துவிட்டேன்.
இரண்டாவதையும் கடித்துவிட்டேன்.
பிறகு பாக்கெட்டில் எதுவும் இல்லை.

மயிரிழையைவிட மெல்லிய தங்கக் கம்பி
அறுந்ததா, வளைந்ததா, ஒட்டாமல் நிற்கிறதா என்று
நாற்பது மடங்கு பெருக்கி
இரவெல்லாம் பார்க்கிற கண் இது.
பதினாறு வருடம்.
தட்டில் என்ன இருந்தது என்று
ஒருநாளும் பார்த்ததில்லை.

பார்த்தேன்.
காலை ஏழேகால், ஜெலுத்தோங், கார் நிறுத்துமிடம்,
மடியில் நாசி கண்டார் பொட்டலம்,
"பாஞ்சிர்" என்று கேட்டு வாங்கிய குழம்பு வெள்ளம்.
ஸ்டியரிங்கில் மஞ்சள். ரேடியோ ஓடுகிறது.
ஒரு வாய் எடுத்து, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைப்பதுபோல்
நிறுத்தினேன்.
சோறு ஆறியிருந்தது.
வெண்டைக்காயில் ஒரு விதை தனியாக மின்னியது.
வயிற்றைக் கேட்டேன்,
அது ஒன்றும் சொல்லவில்லை.
கண்தான் கொட்டாவி விட்டது.

இத்தனை வருடமும்
தூக்கத்துக்குச் சோறு போட்டிருக்கிறேன்.

இதை புஷ்பநாயகியிடம் சொல்லும்போது
ஏலு கதையையும் சொன்னேன்.
அவள் யாழ்ப்பாணத்து வம்சம், கையுறையைக் கழற்றாமலே சொன்னாள்:
"எங்கட வீட்டில ஏலும் எண்டா முடியும்.
அந்தாள் சரியாத்தானே சொல்லியிருக்குது."

நான்காம் வாரம் சிரிக்கவில்லை.
பத்து, ஒம்போது, எட்டு,
ஏலு,
ஆறு எப்போது வந்தது தெரியாது.
கீழே கதவு இருக்கும், திறங்கள் என்றிருந்தார்.
கதவெல்லாம் இல்லை. என் கட்டில்தான்,
மூடிய திரை, கழுவிய தலையணை உறை.
குறட்டை விட்டேனாம். எழுப்பவில்லை.
வெளியே அடுத்தவர் நாற்பது நிமிடம் காத்திருந்தாராம்.

இப்போது தொண்ணூற்று ஒன்று.
தீபாவளிக்கு ஒன்று திரும்பி வந்தது, தொண்ணூற்று இரண்டு.
வேலை விட்டதும் நேரே வீடு. தூங்கி எழுந்துதான் சோறு,
தட்டில், மேசையில்.
எல்லா நாளும் அப்படியில்லை.
நேற்றுக்கூட கார் ஜெலுத்தோங்கில் தானாகத் திரும்பியது.

போன ஞாயிறு இரவு
கடலோரக் கடையில் மிஸ்டர் தியோவைப் பார்த்தேன்.
இடக்கையில் போன், வலக்கையில் குச்சிகள்,
கொய்த்தியோ அவர் வாய்க்குள்
ரயிலேறுவதுபோல் ஓடிக்கொண்டிருந்தது.
பின்னால் போய் நின்று,
மெல்ல,
"பத்து" என்றேன்.

குச்சி நின்றது. திரும்பவில்லை.
வாய் நிறைய, "ஒம்போது."
எட்டு, என்றேன் நான்.
ஏழுக்கு இருவரும் காத்திருந்தோம்.