பதினெட்டரை பாகை

ஆறு குப்பி. ஒரே குடுவையிலிருந்து எடுத்தவை.
ஆறிலும் ஆறு உயரத்தில் எழுகிறது மெத்தனால் சிகரம்.
பகல் ஷிப்டில் இந்த மாத்திரைக்கு இரண்டாயிரத்து அறுநூறு பிபிஎம்.
என் கையில் ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
முந்தாநாள் இரண்டாயிரத்து இருநூறு.

மூன்று வாரம்.
செப்டம் மாற்றினேன். லைனர் மாற்றினேன்.
முப்பது மீட்டர் நூல்குழாயின் முனையில்
அரை மீட்டர் நறுக்கி எறிந்தேன்.
மூடிகளை விரலால் திருகினேன், ஒன்றும் சுழலவில்லை.
கசிவுமானியை மூட்டு மூட்டாய் வைத்துக் கேட்டேன்,
ஹீலியம் வாய் திறக்கவில்லை.

ஃபூரி படிவத்தில் எழுதிவிட்டார்: ஆய்வாளர் பிழை.
இரண்டு முறை மறுபயிற்சி,
பிபெட் பிடிப்பது எப்படி என்று,
பதினோரு வருடம் பிபெட் பிடித்த கைக்கு.
"மெஷினுக்கு உன்னைப் பிடிக்கல கோகி," என்றாள் தோபேகா.
நானும் ஏறக்குறைய நம்பத் தொடங்கியிருந்தேன்.

ஆடி இரண்டாம் வெள்ளி.
பீட்டர்மாரிட்ஸ்பர்கில் ஆடிக்குக் காற்றில்லை, உறைபனிதான்.
இரண்டு மணிக்கு மின்வெட்டு.
ஜெனரேட்டர் இருமிக்கொண்டு எழுந்தது,
கருவிகளுக்கு மட்டும். ஹீட்டருக்கு அது கிடையாது.
ஜன்னலோரத் தட்டிலிருந்து நியமக் குடுவையை எடுத்துச் சாய்த்தேன்.

திரவம் கொஞ்சம் தாமதமாய் வந்தது.
அடியில் ஏதோ வரவில்லை.

தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய்
இந்த மாதம் புட்டியில் வெள்ளையாய் நிற்கும்,
எங்கள் வீட்டில் சின்னவனுக்குக்கூடத் தெரியும்.
டிஎம்எஸ்ஓவுக்கும் அப்படியொரு மாதம் உண்டென்று
மூன்று வாரம் எனக்குத் தோன்றவில்லை.
பதினெட்டரை பாகை. லேபிளிலேயே இருக்கிறது.

கரைப்பான் கல்லாகும்போது மெத்தனாலைச் சேர்த்துக்கொள்வதில்லை.
அது உறையாத மிச்சத்துக்குள் ஒதுங்குகிறது,
கடைசி டாக்ஸியில் இருபது பேர்போல்
ஒருவர் மடியில் ஒருவர்.
அந்த நெரிசலைத்தான் நான் உறிஞ்சி
நியமம் என்று பெயரிட்டேன்.
நியமம் வீங்க, மாத்திரை மெலிந்தது.
காலை பத்துக்குள் அறை சூடாகும்,
சாட்சி உருகிவிடும்.
பகல்காரர்கள் குடுவையைக் குலுக்கி நல்ல விடை வாங்குவார்கள்.

இளஞ்சூட்டு நீரில் நாற்பது நிமிடம் வைத்தேன்.
தலைகீழாய்க் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கினேன்.
ஆறு குப்பி.
ஆறு சிகரமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து
திரையில் ஒரே கோடாய்த் தெரிந்தன.
பார்க்க யாருமில்லை. தோபேகா தூங்கியிருந்தாள்.

படிவத்தில் நான்கு கட்டங்கள்:
ஆள், கருவி, முறை, பொருள்.
குளிருக்குக் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதினேன், சின்ன எழுத்தில், நேரம் போட்டு.

திங்களன்று ஃபூரி தட்டில் ஒரு வெப்பமானி மாட்டினார்.
"நல்லது," என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.
மறுபயிற்சிச் சான்றிதழ்கள் இரண்டும்
கோப்பில் அப்படியே இருக்கின்றன,
படையாச்சியைப் படியாச்சி என்று
இரண்டிலும் ஒரே மாதிரி தப்பாக எழுதி.